கடலூரில் சீடம் பூக்குமா? வருஷக் கடைசியில் பூக்கும் வகை பற்றி ஒரு கேள்வி

கெடிலக்கரை · ஆகஸ்ட் 17

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது கடலூர் மஞ்சக்குப்பம். போன வருஷம் மகள் பிரசவத்துக்காக டொராண்டோ போய் ஆறு மாசம் இருந்துட்டு வந்தேன். அவ வீட்டு வாசலோரம் ஒரு நீளப் பாத்தி. வருஷா வருஷம் நடவேண்டாம், பனியில மடிஞ்சு போய், வெயில் வந்ததும் தானா துளிர்க்கிற செடியா பார்த்துப் பார்த்து வச்சிருக்கா. அதுல ஒண்ணுதான் சீடம். மே மாசத்துல இருந்து தடிச்ச சாம்பல் பச்சை இலையோட சும்மா நிக்கும். ஆகஸ்ட்ல உச்சியில பிராக்கோலி மாதிரி இறுக்கமா மொட்டு வரும். மத்த பூவெல்லாம் தலை சாய்க்கிற செப்டம்பர்லதான் இது விரியும். முதல்ல வெளுத்த ரோஸ், அப்புறம் நல்ல ரோஸ், அக்டோபர்ல செங்கல் நிறம். தட்டு மாதிரி அகலமான பூங்கொத்து, அது மேல தேனீ உட்கார இடமில்லாம உட்கார்ந்திருக்கும்.

பேத்தியை மடியில வச்சுக்கிட்டு தினம் அந்தச் செடி பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன். அதே பூ இங்கேயும் இருந்தா வீடியோவில ரெண்டு பேரும் ஒரே பூவைக் காட்டிக்கலாம்னு ஒரு ஆசை. கடலூர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இது நிக்குமா? மகள் டிசம்பர்ல வர்றா, பெட்டியில ரெண்டு போத்து எடுத்துட்டு வரச் சொல்லலாமா?

லாஸ்பேட்டை மாடி · ஆகஸ்ட் 17

அக்கா, நான் வளர்த்துப் பார்த்திருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஊட்டிப் பக்கம் ஒரு நர்சரியில நீங்க சொல்ற அதே செடி, சாண் உயரம், கெட்டியா அழகா இருந்துச்சு. மாடியில காலை வெயில் படுற இடமா பார்த்து வச்சேன். ஒரே மாசத்துல தண்டு நீண்டு கொழுகொழுன்னு ஆகி, நடுவுல பிளந்து நாலு பக்கமும் சாய்ஞ்சிடுச்சு. கணுவுக்கு கணு அவ்வளவு இடைவெளி. மொட்டே வைக்கலை. உரம் பத்தலையோன்னு மண்புழு உரம் போட்டேன், இன்னும் மோசமா நீண்டுச்சு. அக்டோபர் மழை பிடிச்ச நாலாம் நாள் அடித்தண்டு கறுத்து, கையில எடுத்தா வேர் வெந்த கீரை மாதிரி வந்துச்சு. அழுகையே வந்துடுச்சு அக்கா.

கேப்பர் மலை · ஆகஸ்ட் 18

அம்மா, போத்து பெட்டியில எடுத்துட்டு வர்றது மட்டும் வேணாம். வெளிநாட்டுச் செடி எதுவா இருந்தாலும் இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு கொடுக்கிற பூச்சி நோய் இல்லைங்கிற சான்றும் வேணும். 2003-ல வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அது. ஏர்போர்ட்டுல பிடுங்கிப் போடுவாங்கன்னு மட்டும் சொல்லலை. ஒரு போத்துல வர்ற பூஞ்சையோ மாவுப்பூச்சியோ பக்கத்து வயலுக்குப் போச்சுன்னா யார் பதில் சொல்றது?

தானே புயல்ல, 2011 டிசம்பர் 30, எங்க முந்திரி மொத்தமும் சாய்ஞ்சப்புறம் நான் நர்சரி வேலைக்கு வந்தேன். அதனால இன்னொண்ணும் சொல்றேன். நம்ம பக்கம் 'சீடம்'னு விக்கிறது வேற. தரையில மஞ்சப் பச்சையா மெத்தை மாதிரி படர்ற மெக்சிகோ வகை ஒண்ணு, தொங்குதொட்டியில கழுதைவால்னு விக்கிறது ஒண்ணு. ரெண்டும் கொஞ்சம் நிழல்ல நம்ம ஊர்ல ஒப்பேறும். ஆனா அது நீங்க பார்த்த பூ இல்லை. நர்சரியில பேரை மட்டும் கேட்டு வாங்கி ஏமாந்துடாதீங்க.

தாவரவியல் வாத்தியார் · ஆகஸ்ட் 18

அம்மா, நீங்கள் வர்ணித்ததைப் பார்த்தால் அது பெரும்பாலும் 'ஆட்டம் ஜாய்' வகை. ஜெர்மனியில் ஆரெண்ட்ஸ் நாற்றங்காலில் உருவாகி 1955-இல் வெளிவந்த கலப்பு. சீனா, கொரியாப் பக்கத்துச் செடி ஒன்றும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வளரும் செடி ஒன்றும் அதன் பெற்றோர். இப்போது இந்த உயர வகைகளைத் தாவரவியலில் சீடத்திலிருந்து பிரித்து ஹைலோடெலிஃபியம் என்ற தனிப் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். தோட்டக்காரர்கள் நாவில் இன்னும் சீடம்தான்.

லாஸ்பேட்டைத் தங்கைக்கு: உங்கள் கவனிப்பில் குறையில்லை. அந்தச் செடிக்கு நாள் எவ்வளவு நீளம் என்பது முக்கியம். நீண்ட பகலை வாரக்கணக்கில் அனுபவித்தால்தான் அதன் நுனியில் மொட்டு உருவாகும். டொராண்டோவில் ஜூன் 21 அன்று பகல் 15 மணி நேரத்தைத் தாண்டுகிறது. கடலூரில், புதுச்சேரியில் அதே நாளில் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம்தான். நம் ஆண்டின் மிக நீண்ட பகலே அதற்குக் குட்டையான பகல். செப்டம்பரில் பூக்கிறது என்பதால் குறைந்துவரும் பகலுக்காகக் காத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கோடையின் நீண்ட பகலில் மொட்டுக்கு உத்தரவு கிடைத்துவிடுகிறது, விரிய மட்டும் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது.

அதோடு குளிர். குளிர்காலத்தில் மேல்பாகம் முழுக்க மடிந்து, தரைமட்டத்தில் சிறு சிறு ரோஜா போன்ற குருத்துகளோடு உறங்கும் செடி அது. நம் மார்கழியில் இரவுகூடப் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். உறக்கம் இல்லாமல் இளைத்துக்கொண்டே வரும்.

பாகூர் தம்பி · ஆகஸ்ட் 19

சார், பகல் நீளம்தான் பிரச்சினைன்னா பல்பு போட்டா போதுமே? சாமந்தி வயல்ல ராத்திரி பல்பு எரிய விட்டு பூக்கிறதைத் தள்ளிப் போடுறாங்களே, அதே மாதிரி இதுக்கு ராத்திரி நாலு மணி நேரம் எல்இடி. குளிருக்கு, கிழங்கை மண்ணோட கவர்ல போட்டு ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல ரெண்டு மாசம். நான் செஞ்சு பார்க்கத் தயார்.

தாவரவியல் வாத்தியார் · ஆகஸ்ட் 19

தம்பி, உன் ஆர்வம் பிடித்திருக்கிறது. வெளிச்சக் கணக்கும் சரிதான். செடி உண்மையில் அளப்பது இரவைத்தான். நடுராத்திரியில் வெளிச்சம் காட்டினால் நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாக உடைந்துவிடும். ஆனால் மே மாதத்து இரவு 28 பாகையை என்ன செய்வாய்? சூடான இரவில் செடி பகலில் சேர்த்த மாவுச்சத்தை மூச்சிலேயே செலவழித்துவிடும். அதனால்தான் மாடியில் அந்தத் தண்டு நீண்டு சாய்ந்தது. பல்பும் ஃபிரிட்ஜும் கொடுத்து ஒரு தொட்டியில் ஒரு முறை பூக்க வைக்கலாம், பரிசோதனையாகச் செய். அம்மா கேட்பது வருடா வருடம் தானே எழுந்து பூக்கும் பாத்தி. அதற்கு இது வழியில்லை.

கெடிலக்கரை · ஆகஸ்ட் 20

மனசு கொஞ்சம் கனத்துதான் போச்சு. ஆனா காரணம் தெரிஞ்சது நல்லது, இல்லைன்னா நாலு வருஷம் செடியைக் கொன்னு கொன்னு நான்தான் சரியா பார்த்துக்கலைன்னு நினைச்சிருப்பேன். சரி, இதே வேலையைச் செய்யற செடி நம்ம ஊர்ல இருக்கா? எல்லாம் ஓய்ஞ்சப்புறம் பூக்கணும், தடிச்ச இலை, தேனீ வரணும், வருஷா வருஷம் புதுசா நடக்கூடாது.

செம்மண் மேடு · ஆகஸ்ட் 20

இருக்கு அம்மா. உங்க சீடத்தோட சொந்தக்காரச் செடியே நம்ம வேலியோரம் கிடக்கு. ரணகள்ளி. கட்டிப்போட்டால் குட்டி போடும்னு சின்ன வயசுல இலையைப் புத்தகத்துக்குள்ள வச்சு வேர் வருதான்னு பார்த்திருப்பீங்களே, அதேதான். அது, நர்சரியில கலஞ்சோன்னு சிவப்பு மஞ்சள் பூவோட விக்கிறது, உங்க சீடம், மூணும் ஒரே குடும்பம். ரணகள்ளிக்கும் கலஞ்சோவுக்கும் பூர்வீகம் மடகாஸ்கர். அந்த வெப்பமும் மழையும் பழகின செடிங்க.

முக்கிய வித்தியாசம், இதுங்களுக்குப் பகல் குறையணும். சீடம் எதைக் கேக்குதோ அதுக்கு நேர் எதிர். புரட்டாசி முடிவுல நம்ம பகல் 12 மணிக்குக் கீழே இறங்கும், அப்போ மொட்டுக்குத் தயாராகும். மார்கழி, தையில பூ. நாலடி தண்டு மேல பச்சையும் செம்மண் நிறமும் கலந்த குழல் பூ, கொத்துக் கொத்தா மணி மாதிரி தலைகீழா தொங்கும். எங்க குயிலாப்பாளையம் பக்கத்துத் தோட்டத்துல தை மாசக் காலையில ஊதாத் தேன்சிட்டு ஜோடி அந்தக் கொத்தை விட்டு நகராது.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு குணம். பகல்ல இலைத்துளையை மூடிக்கும், தண்ணி வீணாகாது. ராத்திரி திறந்து காத்தை உள்ளே இழுத்து புளிப்பா மாத்தி சேமிச்சு வைக்கும், பகல் வெளிச்சத்துல அதைச் செலவு பண்ணும். இதை ரொம்ப ஆரம்ப காலத்துலயே கவனிச்சு எழுதினது இந்த ரணகள்ளி இலையை வச்சுத்தான், அதுவும் நம்ம நாட்டுல. தரங்கம்பாடிக்கு மதபோதகரா வந்த பெஞ்சமின் ஹைனேங்கிற ஜெர்மானியர், இந்த இலை காலையில புளிக்குது, மதியம் சப்புன்னு இருக்கு, சாயந்திரம் லேசா கசக்குதுன்னு லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். 1815-ல அச்சாச்சு. இருநூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் நாக்குல கண்டுபிடிச்சது. நீங்க யாரும் மென்னு பார்க்க வேணாம், இந்தச் செடியில இதயத்தைத் தாக்குற நஞ்சு இருக்கு.

நெல்லிக்குப்பம் · ஆகஸ்ட் 21

நஞ்சுன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போகக்கூடாதுங்க. ஆடு மாடு வச்சிருக்கிறவங்க இதைப் படிப்பாங்க. பூங்கொத்துலதான் நஞ்சு அதிகம். பூத்து முடிஞ்ச தண்டை வெட்டி ஆட்டுத் தொட்டி பக்கம் போடாதீங்க. ரெண்டாவது, வேலியோரம் தானா மண்டிக் கிடக்கிறதைப் போய் அழகுப் பாத்தியில வைக்கச் சொல்றீங்க. இலை விழுந்த இடமெல்லாம் குட்டி. நாளைக்கு பாத்தி முழுக்க அதுதான் இருக்கும். எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

செம்மண் மேடு · ஆகஸ்ட் 21

அண்ணா, ஆடு விஷயம் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. முதல்லயே விவரமா எழுதியிருக்கணும், என் தப்பு. பரவுறதும் உண்மைதான். விழுந்த இலையைப் பொறுக்கி எடுக்கணும், பூத்த தண்டை விதைக்கு முன்னாடி வெட்டிக் காய வைக்கணும். ஏரிக்கரை, காட்டோரம் கொண்டு போய்க் கொட்டவே கூடாது. வீட்டுக்குள்ள சுவர் கட்டின பாத்தி, ஆடு மாடு இல்லைன்னாதான் வைக்கச் சொல்வேன். ஆனா வேலியில கிடக்குங்கிறதுக்காக மதிப்பில்லைன்னு சொல்லாதீங்க. டொராண்டோவில அந்தச் சீடம் பனியில தானா பிழைக்கிறதாலதான் அங்க எல்லார் வாசல்லயும் இருக்கு. இங்க அந்தக் குணம் எதுக்கு இருக்கோ அதுதானே நமக்கு வேணும்?

கேப்பர் மலை · ஆகஸ்ட் 22

பாத்தின்னா டிசம்பர் பூவை விட்டுடாதீங்கம்மா. பேர்லயே மாசம் இருக்கு. ஊதா, வெள்ளை, ரெண்டும் கலந்து கோடு போட்டது. ஒரு தடவை வச்சா வருஷக்கணக்குல இருக்கும், கார்த்திகையில இருந்து தை வரைக்கும் தலைக்கு வைக்க, சாமிக்கு வைக்க தினம் பூ. ஆடியில முட்டு முட்டா வெட்டி விட்டாதான் கிளை அடிச்சு நிறைய பூக்கும். ஆடி போயிருச்சு, பரவாயில்லை, இந்த வாரமே நுனி மட்டும் கிள்ளுங்க, அதுக்கு மேல கை வைக்காதீங்க. பின்வரிசை டிசம்பர் பூ, நடுவுல ரணகள்ளி, முன்னாடி கலஞ்சோ, ஓரத்துல பத்துமணிப்பூ.

மண்ணுதான் உயிர். கடலூர் டவுன்ல மணல் கலந்த மண்ணா இருந்தாலும் ஐப்பசியில நிலத்தடித் தண்ணி மேல வந்துரும், மேட்டுப்பாத்தி இல்லாம எதுவும் நிக்காது. ஒரு முழம் உயரம். அடியில செங்கல் உடைசல், உடைஞ்ச ஓடு. மேல செம்மண் ரெண்டு பங்கு, ஆத்து மணல் ரெண்டு பங்கு, மக்கின சாணி அரைப் பங்கு. சாணி அதுக்கு மேல வேணாம், இந்தச் செடிங்களுக்குக் கொழுத்த மண்ணு ஆகாது. தென்னை நார்க்கழிவு ஒரு பிடி கூட வேணாம், அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். புரட்டாசி கடைசியோட தண்ணி ஊத்துறதை நிறுத்திடுங்க. வானம் ஊத்தும்.

ரணகள்ளிக்கு இலைக்குட்டி வைக்காதீங்க, அது இந்த வருஷம் பூக்காது. முழங்கால் உயரம் வளர்ந்த செடியா வேரோட எடுங்க.

லாஸ்பேட்டை மாடி · ஆகஸ்ட் 22

கலஞ்சோ பத்தி ஒண்ணு அக்கா, ரொம்ப நாள் என்னைக் குழப்பினது. கடையில பூவோட வாங்கினேன், பூத்து முடிஞ்சதும் வெட்டி விட்டேன், செடி நல்லா தழைச்சுது, ஆனா அடுத்த டிசம்பர்ல ஒரு மொட்டு இல்லை. அதுக்கடுத்த வருஷமும் இல்லை. தெருவிளக்கை எல்இடியா மாத்தினாங்க, அது நேரா எங்க பால்கனி மேல அடிக்கும். வாத்தியார் சார் இங்க முன்னாடி ஒரு தடவை இரவு உடையறதைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு, ரெண்டு தொட்டியை மட்டும் பின்பக்கக் கிணத்தடிக்கு மாத்தினேன். அந்த ரெண்டும் ஜனவரியில பூத்துச்சு, பால்கனியில இருந்த மூணும் பூக்கலை. வாசல் பாத்தின்னா விளக்கு எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அன்னிக்கும் கிணத்தடித் தொட்டி பிழைச்சுது. தட்டை எடுத்துட்டு செங்கல் மேல தூக்கி வச்சிருந்தேன், அவ்வளவுதான்.

டொராண்டோ திண்ணை · ஆகஸ்ட் 24

அம்மா, நீ இங்க எழுதியிருக்கிறதை இப்பதான் பார்த்தேன். நம்ம சீடம் இப்போ மொட்டு விட்டு நிக்குது. நீ போனப்புறம் அதை நான் வெட்டவே இல்லை, காய்ஞ்ச பூத்தட்டு மேல பனி தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்ததை போட்டோ அனுப்பினேனே. ஏப்ரல்ல பழைய தண்டை எடுத்தா அடியில முட்டைக்கோசுக் குஞ்சு மாதிரி குருத்து. மே கடைசியில பாதிக்கு வெட்டி விட்டேன், இல்லைன்னா செப்டம்பர்ல நடுவுல பிளந்து சாயும். அடுத்த வசந்தத்துல தோண்டி நாலாப் பிரிக்கணும், நடு வெறுமையா ஆயிட்டு வருது.

வாத்தியார் சார், என் பாத்தியிலயும் கொழுத்த மண் போட்ட பக்கம்தான் சாயுது. லாஸ்பேட்டை அக்கா சொன்னது அப்படியே பொருந்துது. அம்மா, நான் போத்து எடுத்துட்டு வரலை. நீ ரணகள்ளி வை. மொனார்க் பட்டாம்பூச்சி மெக்சிகோ போற வழியில நம்ம சீடத்துல இறங்கும்போது கூப்பிடறேன்.

கெடிலக்கரை · நவம்பர் 19

பாத்தி போட்டாச்சு. கேப்பர் மலைத் தம்பி சொன்ன கணக்குதான், செங்கல் உடைசல் மட்டும் ஒரு வண்டி. ரணகள்ளி ஆறு செடி, ஆடு மாடு வராத கொல்லைப் பக்கம், விளக்கு வெளிச்சமும் இல்லை. பத்து நாளா மழை, சுத்தி தண்ணி நிக்குது, பாத்தி தலை தூக்கி நிக்குது. டிசம்பர் பூ பூக்க ஆரம்பிச்சாச்சு.

ஒரு கவலை. ரணகள்ளி இலையில அங்கங்க கொப்புளம் மாதிரி, உள்ளே சதை இல்லாம வெறும் தோல் கண்ணாடி மாதிரி தெரியுது. வெளிச்சத்துல பிடிச்சா உள்ளே ஒரு புழு நகருது. வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?

செம்மண் மேடு · நவம்பர் 19

அம்மா அடிக்காதீங்க, அடிக்காதீங்க. அது ரெட் பியரோ பட்டாம்பூச்சியோட புழு. இந்தக் குடும்பத்துச் செடி இலைக்குள்ளதான் புகுந்து சதையைத் தின்னு வளரும். வேற இலை அதுக்கு ஆகாது. செடி சாகாது, ஏழெட்டு இலை போகும். மூணு வாரம் பொறுங்க. மேல்பக்கம் கறுப்பு, பின்னிறக்கையில ஆரஞ்சுச் சிவப்பு, மூடினா வெள்ளையில கறுப்புப் புள்ளி. உயரப் பறக்காது, பாத்தியைச் சுத்தியே தத்தித் தத்தித் திரியும்.

கெடிலக்கரை · ஜனவரி 11

பூத்துடுச்சு. ஆறுல நாலு. மகளும் பேத்தியும் இங்கதான் இருக்காங்க. காலையில தேன்சிட்டு வந்து தொங்குற பூவோட மேல்பக்கமா ஓட்டை போட்டுக் குடிக்குது, குழந்தை அதையே பார்த்துட்டு சோறு வாங்குது. அந்தச் சிவப்புப் பட்டாம்பூச்சி பதினொண்ணு எண்ணினேன், ஒண்ணு அவ கையில உட்கார்ந்துச்சு. கலஞ்சோ இன்னும் மொட்டுதான். மகள் சொல்றா, அவ சீடம் இப்போ ரெண்டடி பனிக்கு அடியில தூங்குதாம்.

பாகூர் தம்பி · ஜனவரி 12

அம்மா, வாழ்த்துகள். என் ஃபிரிட்ஜ்ல வச்ச சீடக் கிழங்கு அழுகிப் போச்சு, வாத்தியார் சார்கிட்ட படத்தோட தனியா எழுதறேன். எங்க வீட்டுல ஆடு கிடையாது, கொல்லையில சுவர் இருக்கு. ரெண்டு இலை கிடைக்குமா?

கெடிலக்கரை · ஜனவரி 12

ரெண்டு எதுக்கு, எட்டு தர்றேன். புழு இல்லாத இலையா பார்த்து எடுத்து வைக்கிறேன். பொங்கல் கழிச்சு கடலூர் பக்கம் வந்தா பழைய பேப்பர் மட்டும் எடுத்துட்டு வாப்பா, பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து அழுகிடும். மண்ணு மேல சும்மா படுக்க வச்சாலே போதும், மூடாதே.

செம்மண் மேடு · ஜனவரி 12

தம்பி, பூ அடுத்த வருஷத் தைக்குத்தான். இந்தத் தடவை விளக்கு வெளிச்சம் படாத இடமா முதல்லயே பார்த்து வை.